தியாகதுருகத்திலிருந்து தரங்கம்பாடி வரை

தென்னாற்காடு மாவட்டம் என்று ஒன்று இருந்தது. இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால், "அது எங்க தாத்தா இருக்கு?" என்று கேட்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தியாகதுருகத்துக்காரனுக்கும் கல்வராயன் மலை மேல் இருப்பவனுக்கும் கலெக்டர் ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் விடியற்காலை பஸ் ஏறி உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாகப் போய், மதிய வெயிலில் வரிசையில் நின்று, இரவு வீடு திரும்புவோம். கஷ்டம்தான். ஆனாலும் கடல் அப்போது நம் மாவட்டத்துக் கடல். 1993-ல் விழுப்புரம் தனியாகப் பிரிந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நிர்வாகத்துக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் ஓரடிகூட நகராமலேயே கடலை விட்டு விலகி வந்துவிட்டோம்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி இழுத்தவன். சர்வேயருக்கு மாவட்ட எல்லை முக்கியம்தான், ஆனால் அதைவிட முக்கியம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. எல்லையைக் கோட்டையில் உட்கார்ந்து ஒரு அரசாணையில் மாற்றிவிடலாம். தண்ணீர் அரசாணையைப் படிப்பதில்லை. கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நம் மேட்டு நிலத்தில் பிறக்கிற கெடிலம், திருவதிகை, பண்ருட்டி என்று போய்க் கடலூரில் கலக்கிறது. ஆக நம் ஊர்த் தண்ணீருக்குக் கடற்கரையில் இரண்டு வாசல்கள். இந்த இரண்டு வாசல்களிலும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தான். நம் மலைக்கோட்டையின் தலையெழுத்தை அங்கிருந்துதான் எழுதினான். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போனது நான்கு பேர். பணி ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், கமிஷன் மண்டி வைத்திருக்கும் நண்பர், நான். பொங்கல் கழிந்த வாரம், வாடகைக் காரில், மூன்று நாள். நால்வர் வயதையும் கூட்டினால் 283. டிரைவர் பையனுக்கு 24. எங்கள் மாத்திரைப் பைகளைப் பார்த்து அவன் முதலில் பயந்துதான் போனான்.

யோசனை வந்த விதம் வேடிக்கையானது. போஸ்ட்மாஸ்டரின் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு இத்தாலி நாட்டு அமால்ஃபி கடற்கரைக்குப் போய் வந்து, வாட்ஸ்அப்பில் இருபது படம் அனுப்பியிருந்தான். செங்குத்தான பாறை, கீழே நீலக் கடல், பாறை மேல் கொலுப்படி மாதிரி அடுக்கடுக்காக வீடுகள். டீக்கடையில் ஆளுக்கு ஆள் போனைக் கைமாற்றிப் பார்த்தோம். மண்டிக்காரர் மட்டும், "ஏன் சார், நமக்குக் கடல் இல்லியா? நூறு கிலோமீட்டர்ல வச்சிக்கிட்டு நாம பார்க்காம கிடக்குறோமே" என்றார். அந்த வாரமே கார் பேசிவிட்டார்.

புதுச்சேரிக்குப் போகும் முன் நம் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலம் பக்கமிருந்து ஆத்தூர் கணவாய் வழியாக இறங்கி வருகிற எந்தப் படையும் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் நம் மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்றைக்கு சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை போகிற அதே வழி. சமவெளியில் தனியாக நிற்கும் இந்தப் பாறையில் ஒரு கோட்டையும் அதில் நூறு துப்பாக்கியும் இருந்தால், கீழே போகிற மாட்டு வண்டி ஒன்றையும் விடாமல் நிறுத்தலாம். அதனால்தான் 1757-லிருந்து 1791 வரை இந்த மலைக்கு அடிதடி. பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன், மைசூர்க்காரன் என்று மாறி மாறிக் கொடி ஏறியது. ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாறுகளில் "தியாகர்" என்று வரும் ஊர் நம் ஊர்தான். இதைத் தெரிந்துகொள்ள நான் ஊருக்குள் யாரைக் கேட்டும் பயனில்லை. எல்லாம் கடற்கரையில் இருந்தவர்கள் எழுதி வைத்தது.

முதல் நாள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிற அரிக்கமேட்டுக்குப் போனோம். தென்னந்தோப்பு, ஆற்றோரம், இடிந்த பழைய மிஷன் கட்டடத்தின் சுவர். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. போஸ்ட்மாஸ்டர், "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். பிறகு நான் சொன்னதைக் கேட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

1937-ல் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், இந்தப் பக்கத்துச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் செதுக்கிய கல்லையும் பார்த்து, இது சாதாரண இடமில்லை என்று கண்டுகொண்டார். 1945-ல் மார்டிமர் வீலர் முறையாகத் தோண்டினார். கிடைத்ததில் ஒன்று, சிவப்பாக, பளபளவென்று மெருகேற்றிய ஒருவகை மட்பாண்டம். அது இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊர்ப் பாணியில் செய்தது. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி அது புழக்கத்தில் இருந்தது என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், அதோடு சேர்ந்து கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் வயது சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலக்கணக்கே இதிலிருந்துதான் கிடைத்தது.

இன்னொன்று, இரண்டு காது வைத்த நீளமான சாடிகளின் உடைசல். மது வந்த சாடிகள். அவற்றில் சில நேபிள்ஸ் விரிகுடாப் பக்கத்து மண்ணில் செய்தவை. வெசூவியஸ் எரிமலையின் கறுப்பு மணல் அந்த மண்ணில் கலந்திருக்கும். அதைப் பார்த்தே இன்ன இடம் என்று சொல்லிவிடுகிறார்கள். போஸ்ட்மாஸ்டர் மகன் படம் எடுத்த அமால்ஃபி அந்த விரிகுடாவுக்குத் தெற்கே, ஒரு மலைமுனையின் மறுபக்கம். "உம்ம புள்ளை போன ஊர் சரக்குதான்யா ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க இறங்கியிருக்கு" என்றேன். தமிழய்யா உடனே புறநானூற்றுக்குப் போய்விட்டார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடிப்பதை நக்கீரர் பாடியிருக்கிறார் என்பதை அவர் சொல்ல, மண்டிக்காரர், "சரக்கு வந்துச்சு சரி, பதிலுக்கு நாம என்னா கொடுத்தோம்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நாம் கொடுத்தது துணி, மணி, மிளகு. அரிக்கமேட்டில் கண்ணாடி மணியும் கல்மணியும் செய்யும் பட்டறைகளே இருந்தன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போய்விடுகிறது என்று ரோம் நகரத்துப் பிளினி புலம்பி எழுதியிருக்கிறார். அந்தப் பிளினி கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது, அதே நேபிள்ஸ் விரிகுடாவின் கரையில் செத்துப் போனார். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயியை 1938-ல் தோண்டும்போது, தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. இப்போது நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் அங்கேயே மகனுக்கு மெசேஜ் போட்டார், அடுத்த தடவை போனால் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வா என்று.

அந்தக் காலத்து வியாபாரத்தில் இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். யாரும் யார் மண்ணிலும் கோட்டை கட்டவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவர்கள் வேறு விதம்.

மாலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்தோம். ஊர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே காண்கிற பிரெஞ்சுக் கட்டடம் எதுவும் 1761-க்கு முந்தியது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் ஊரையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போது இருப்பது பிறகு கட்டியது. அதே ஜனவரியில்தான் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையும் இறந்தார். 1736-லிருந்து கால் நூற்றாண்டு அவர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கவர்னர் மனைவி கோபித்தது முதல் கப்பல் வந்தது வரை எல்லாம் அதில் உண்டு. நம் மலைக்கோட்டைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை அப்படி எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

புதுச்சேரி விழுந்த கதையில்தான் தியாகதுருகம் வருகிறது. 1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்து இறங்கினார். கோபக்காரர், நாட்டு நடப்பு தெரியாதவர். வந்த சூட்டோடு கடலூர்க் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பினார். பீரங்கியும் மூட்டையும் இழுக்க மாடு இல்லை. புதுச்சேரி மக்களை, எந்தச் சாதி என்று பாராமல், பிடித்து வந்து சுமக்க வைத்தார். ஊரே கொதித்தது. கோட்டை விழுந்தது என்னவோ உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு மாடும் கிடைக்கவில்லை, தானியமும் கிடைக்கவில்லை. 1760-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருங்கி வளைத்தபோது ஊருக்குள் பசி. அப்போது லாலி மைசூர் ஐதர் அலியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். ஐதர் குதிரைப்படையும் மாடும் தானியமும் அனுப்ப வேண்டும். அதற்கு விலையாகப் பிரெஞ்சுக்காரர் கொடுத்தது தியாகதுருகம் கோட்டை.

இதை நான் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சொன்னபோது மண்டிக்காரர் சுண்டலைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம ஊரை மாட்டுக்கு வித்தானா?" என்றார். ஆமாம், விற்றார்கள். ஐதரின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு வந்தார். திருவதிகைப் பக்கம் மேஜர் மூர் என்பவரின் ஆங்கிலப் படையைச் சிதற அடித்தார். கொஞ்சம் மாடும் அரிசியும் புதுச்சேரிக்குள் போயிற்று. அதற்குள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கண்டே ராவ் ஐதருக்கு எதிராகத் திரும்பிவிட்டதால், ஐதர் தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார். நம் கோட்டை மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. மேஜர் பிரஸ்டன் என்பவர் அதை முற்றுகையிட்டு, இரண்டு மாதத்துக்கு மேல் குண்டு போட்டு, 1761 பிப்ரவரியில் பிடித்தார். புதுச்சேரி விழுந்த பிறகும் சில வாரம் தாக்குப்பிடித்த கோட்டை நம்முடையது. செஞ்சி அதற்கும் பிறகு, ஏப்ரலில் விழுந்தது.

நடுவே ஒரு கிளைக்கதை. லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761 ஜூன் மாதம் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க வேண்டும் என்று முந்தின வருடமே கப்பல் ஏறினார். வழியிலேயே, ஊர் விழுந்துவிட்டது என்று சேதி. கப்பல் திரும்பியது. ஆடுகிற கப்பலில் இருந்துகொண்டு பார்த்ததில் அளவு ஒன்றும் உதவவில்லை. எட்டு வருடம் இந்தப் பக்கத்துக் கடலிலேயே காத்திருந்து, புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பிறகு அங்கே ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, 1769 ஜூனில் தயாராக உட்கார்ந்தார். அன்றைக்குக் காலையில் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. ஊருக்குத் திரும்பினால், ஆள் இறந்துவிட்டதாக முடிவு செய்து சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அளவுத் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு அந்த மனிதர் மேல் தனிப் பாசம்.

இரண்டாம் நாள் கடலூர். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேர்கிற இடத்துக்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கொஞ்சம் செங்கல் சுவராக நிற்கிறது. சென்னைக் கோட்டையை 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, ஆங்கிலக் கம்பெனிக்கு 1752 வரை தென்னாட்டில் தலைமையிடம் இதுதான். சென்னையிலிருந்து தப்பி ஓடிவந்த ராபர்ட் கிளைவ் என்ற இளம் குமாஸ்தா இங்கேதான் பேனாவை விட்டுக் கத்தியைப் பிடித்தார். லாலி 1758 ஜூனில் பிடித்து வெடிவைத்துத் தகர்த்ததால் இன்று பார்க்க அதிகமில்லை. வெள்ளிக் கடற்கரைக்கு வருகிற கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

ஆனால் எனக்கு இங்கே முக்கியம் வேறு. இந்தக் கோட்டையை 1690-ல் சென்னை கவர்னர் எலிஹு யேல், செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார். (அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான்.) கிரயத்தில் ஒரு ஷரத்து: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு. இருப்பதில் பெரிய பீரங்கியாகப் பார்த்து, நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று இன்னும் கடலூரில் பெயர்கள் இருக்கின்றன. பல வருடம் கடலூருக்கு ஆபீஸ் வேலையாகப் போய் வந்தும், பஸ்ஸில் அந்தப் பெயர்களைக் கேட்டும், காரணம் தெரியாமலேயே எத்தனையோ பேர் போயிருப்போம்.

நாங்கள் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட நான்கு பக்கத்துக்காரருக்கும் நோட்டீஸ் கொடுத்து, கல் நட்டு, புலப்படம் வரைந்து, கையெழுத்து வாங்குவோம். இங்கே பீரங்கிதான் சங்கிலி. எந்த விவசாயியின் வயலில் குண்டு விழுந்ததோ, அவனுக்கு அன்றோடு ராஜா மாறிவிட்டார். அவனிடம் யார் கேட்டார்கள்? எழுபது வருடம் கழித்து நம் ஊரை மாட்டுக்குக் கொடுத்தபோது நம் ஆட்களை யார் கேட்டார்களோ, அவர்கள்தான் இவனையும் கேட்டிருப்பார்கள்.

அங்கிருந்து பரங்கிப்பேட்டை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் படகுத்துறைப் பக்கம் நின்றபோது, "இது கச்சிராயபாளையத்துத் தண்ணியா?" என்று மண்டிக்காரர் குனிந்து கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு கரித்தது. சிரித்துவிட்டோம்.

1780 ஜூலையில் ஐதர் அலி பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலப் படை ஒன்றை அடியோடு நொறுக்கினார். கம்பெனி வரலாற்றில் அதுவரை இந்தியாவில் அப்படி ஒரு தோல்வி இல்லை. அதன்பின் வயதான அயர் கூட் என்ற தளபதியைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவர் 1781 பிப்ரவரியில் கடலூர் வந்து, மாடும் அரிசியும் இல்லாமல் மாதக்கணக்கில் நகர முடியாமல் கிடந்தார். ஜூனில் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கித் தோற்று, பரங்கிப்பேட்டைக்கு வந்தார். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைக்கு அருகே மணல் வெளியில் ஐதரைச் சந்தித்தார். கூட்டிடம் இருந்தது எட்டாயிரத்துச் சொச்சம் பேர். ஐதரிடம் பல மடங்கு. ஆனாலும் கரையோர மணல்மேடுகளின் மறைவில் சுற்றிப் போய்க் கூட் ஜெயித்துவிட்டார். கடலில் இருந்த ஆங்கிலக் கப்பலின் பீரங்கியும் துணை நின்றது.

தமிழய்யாவுக்கு ஐதர் என்றால் உயிர். "அன்றைக்கு மட்டும் ஜெயித்திருந்தால் வெள்ளைக்காரன் அப்போதே கப்பல் ஏறியிருப்பான்" என்று மணலில் நின்று பேசிக்கொண்டே போனார். மண்டிக்காரர் குறுக்கே வந்தார். "யார் ஜெயிச்சா என்னா சார், போனது நம்ம மாடு. எங்க பாட்டி எதாச்சும் நாசமாப் போனா 'ஐதர் கலாபம் மாதிரி ஆச்சே'ன்னு சொல்லும்." இரண்டு பேரும் சிதம்பரம் போகும்வரை விடவில்லை.

எனக்கு மண்டிக்காரர் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஐதர் பெரிய வீரர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எதிரிக்குத் தீனி கிடைக்கக் கூடாது என்று அவர் நாட்டை எரித்தார், ஆடுமாட்டை ஓட்டிச் சென்றார். கம்பெனிப் படையும் எதிர்ப்பட்ட நெல்லை விட்டுவைக்கவில்லை. அதன்பின் வந்த பஞ்சத்தில் சென்னைத் தெருக்களில் ஜனங்கள் செத்து விழுந்ததைச் சென்னையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் செத்தவர்களை எழுத ஆளில்லை. பாட்டியின் வாயில் ஒரு வசவாக மட்டும் அது தங்கியது. 1790 கடைசியில் திப்பு சுல்தான் வந்து தியாகதுருகத்தைத் தாக்கினார். உள்ளே இருந்தவர் கேப்டன் பிளின்ட். அதற்குப் பத்து வருடம் முன் வந்தவாசிக் கோட்டையை ஐதரிடமிருந்து காப்பாற்றிய அதே ஆள். திப்புவால் பிடிக்க முடியவில்லை, திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார். பிளின்ட்டின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் அவருக்குத் தண்ணீர் சுமந்தவன் பெயர் இல்லை.

பரங்கிப்பேட்டையில் இன்னொரு கதை உண்டு. 1830-ஐ ஒட்டி ஜோசையா ஹீத் என்ற முன்னாள் கம்பெனி அதிகாரி அங்கே ஓர் இரும்பாலை தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் நடந்த முதல் பெரிய முயற்சி அது. இரும்புக் கல் சேலம் பக்கத்திலிருந்து. உருக்க நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். தென்னாற்காடு, சேலம் காடுகளில் மரம் வெட்டிக் கரி போட உரிமை வாங்கியிருந்தார். ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி வேண்டும். காடு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு தரமானது என்று பெயர் வாங்கியது, இங்கிலாந்துக்கும் கப்பலில் போனது. லாபம் மட்டும் வரவில்லை. ஹீத் எஃகில் மாங்கனீசு சேர்ப்பதற்குக் காப்புரிமை வாங்கி, ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அதை ஏமாற்றிப் பயன்படுத்த, வழக்குப் போட்டு அலைந்து, கையில் காசில்லாமல் 1851-ல் இறந்தார். ஆலையும் சில வருடத்தில் மூடிப் போயிற்று. ஊரில் இரண்டு பேரிடம் இடம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றிரவு சிதம்பரத்தில் தங்கினோம். முன்பணம் கட்டியிருந்த விடுதியில் கல்யாணக் கோஷ்டி புகுந்துவிட்டதால் நான்கு பேருக்கு ஒரே அறை. போஸ்ட்மாஸ்டரின் குறட்டையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் கொள்ளிடம் தாண்டி, பூம்புகாரில் ஒரு மணி நேரம். தமிழய்யா கண்ணகியைப் பற்றிப் பேச நாங்கள் இளநீர் குடித்தோம். பிறகு தரங்கம்பாடி.

மூன்று நாளில் மனதுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே யெட்டே என்ற தளபதிக்கு இடம் கொடுத்தார். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கடலைப் பார்த்தபடி மஞ்சள் நிறத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் வந்து, மணலில் எழுதித் தமிழ் படித்து, 1712-ல் வந்த அச்சு இயந்திரத்தைக் கொண்டு சில வருடத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். டேனிஷ் கவர்னருக்கே அவரைப் பிடிக்காமல், இதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். அந்த அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்த தமிழய்யா நெடுநேரம் பேசவில்லை. முப்பது வருடம் தமிழ்ப் பாடநூலை வைத்துப் பிழைத்தவருக்கு அந்த அச்சு என்பது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. "இது ரொக்கத்துக்காவது வித்தான்" என்றார் மண்டிக்காரர்.

கோட்டைக்கு அருகிலேயே, தண்ணீரை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்புறத்தைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரை முழுவதையும், கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை, வாரிக்கொண்டு போனது. பாறைக் கல்லைக் கொட்டிக் கோயிலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். "மலைக்காட்டு ஊரா? உங்களுக்குக் கடல் பயம் இல்லை, கொடுத்து வச்சவங்க" என்றார். எங்களுக்குப் பயம் மேற்கேயிருந்து வந்தது, கடற்கரையிலிருந்தும் வந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆமாம் ஐயா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது சிதம்பரம், சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் வழி. செலவுக் கணக்கை மண்டிக்காரர் காரிலேயே நான்காக வகுத்து, சில்லறை பாக்கியோடு படித்துக் காட்டினார். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மணல்தான், ஓரமாகக் கால் நனையும் அளவுக்கு ஒரு வாய்க்கால் தண்ணீர். "இது கடல் வரைக்கும் போய்ச் சேருமா?" என்று டிரைவர் பையன் கேட்டான். மூன்று நாளில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. இங்கே ஓர் அணைக்கட்டு, கீழே சேத்தியாத்தோப்பில் ஓர் அணைக்கட்டு, இரண்டிலும் நின்று வயலுக்குப் போனது போக மிச்சம் இருந்தால் போகும், ஐப்பசி கார்த்திகையில் நிச்சயம் போகும் என்றேன். நம் மலைக்கோட்டையையும் அவன் ஏறிப் பார்த்ததில்லையாம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். முட்டி வலி இல்லாத நம் ஊர்க்காரர்கள் யாரும் சேர்ந்துகொள்ளலாம், தண்ணீர் பாட்டிலை மட்டும் அவரவர் கொண்டுவரவும்.